பாலிலிருந்து பசை

அடுப்பில் ஏற்றிய பால் திரிந்துவிட்டால் அன்றைய காலைப்பொழுதில் வீட்டிலே ஒரு சிறு துக்கம் நிகழ்ந்தது போலாகிவிடும். தேநீருக்குப் பால் இல்லை. கொடுத்த காசும் வீண். திரிந்ததைக் கோடிப்புறத்து வாழையடியில் ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைப்பதே பெரும்பாலான வீடுகளின் வழக்கம். ஆயினும், அவ்வாறு ஊற்றப்படும் பொருளினுள்ளே, மரத்தோடு மரத்தை இறுகப் பிணைக்கவல்ல ஒரு பசை மறைந்திருக்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

அப்பசையைச் சமையலறையில் உள்ள பொருள்களைக் கொண்டே ஒரு மணி நேரத்துக்குள் செய்துவிடலாம். பாடசாலை ஆய்வுகூடமோ விலையுயர்ந்த கண்ணாடிக் கலங்களோ இதற்கு வேண்டியதில்லை. பால், வினாகிரி, அப்பச்சோடா, ஒரு துண்டு வெள்ளைத் துணி ஆகிய இவையே போதும். ஆனால் இச்சிறு முயற்சியினுள் இரசாயனவியலின் அடிப்படைச் செயல்கள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. கரைசலாக இருக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தல் முதலாவது. பிரித்தெடுத்ததைத் தூய்மையாக்கல் இரண்டாவது. தூய்மையாக்கியதை வேறொரு வடிவிலே மீண்டும் கரைத்தல் மூன்றாவது. இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் கண்ணுக்கு விருந்தாக அமைபவை. நடுவில் நிற்கும் தூய்மையாக்கலோ சலிப்பூட்டும் வேலை. எனினும் பசையின் பலம் பெரும்பாலும் அந்தச் சலிப்பூட்டும் வேலையிலேயே தங்கியுள்ளது.

பாலிலிருந்து பசை செய்தல் புதிய கண்டுபிடிப்பன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வாழ்ந்த தியோபிலசு என்னும் துறவி, ஓவியம், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றின் வேலைமுறைகளைத் தொகுத்து இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். தேவாலயப் பீடங்களுக்குரிய பலகைகளை இணைப்பதற்கு அவர் கூறிய பசை பாற்கட்டியிலிருந்து செய்யப்பட்டது. மென்மையான பாற்கட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உரலில் இட்டு, வெந்நீர் விட்டு இடித்துக் கழுவ வேண்டும். கழுவிய நீர் தெளிவாக வரும் வரையில் இதனைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பின்னர்ச் சுண்ணாம்பு சேர்த்து நன்கு அரைக்க வேண்டும் என்பது அவர் உரைத்த முறையின் சாரம். இவ்வாறு ஒட்டிய பலகைகள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் பிரிவதில்லை என்றும் அவர் குறித்துள்ளார். 1400 ஆம் ஆண்டளவில் வாழ்ந்த இத்தாலிய ஓவியர் செனினோ செனினியும் பாற்கட்டியும் சுண்ணாம்பும் சேர்ந்த பசையைத் தமது நூலிற் கூறுகின்றார்.

கழுவிய நீர் தெளிவாக வரும் வரையில் என்ற அந்த நிபந்தனை ஊன்றிக் கவனிக்கத்தக்கது. புரதத்தைக் குறிக்கும் புரோட்டீன் என்ற சொல் 1838 ஆம் ஆண்டிலேயே விஞ்ஞான வழக்குக்கு வந்தது. அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, காரணம் இன்னதென்று கூற இயலாத நிலையிலும், கழுவாத பாற்கட்டி நல்ல பசையாகாது என்பதைக் கைவினைஞர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அக்காரணத்தை விளக்குவதற்கு முதலில் பாலின் இயல்பை அறிதல் வேண்டும்.

பசுப்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் நீர். எஞ்சியுள்ள பகுதியில் இலக்டோசு எனப்படும் பாற்சர்க்கரை ஏறக்குறைய 5 சதவீதமும், கொழுப்பு 4 சதவீதமளவும், புரதம் 3 சதவீதத்துக்குச் சற்று மேலாகவும் அமைந்துள்ளன. மிகுதி உப்புக்கள். அப்புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன் எனப்படும் வகையைச் சேர்ந்தது. பாற்கட்டியைக் குறிக்கும் கேசெயுசு என்ற இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. ஓர் இலீற்றர் பாலிலே உலர்ந்த நிறையாக ஏறக்குறைய 26 கிராம் கேசீன் உண்டு. இதுவே பசைக்கு மூலப்பொருள். நீர், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றும் பசைக்குப் பயன்படாதவை. கொழுப்பும் சர்க்கரையும் பசையிலே தங்கிவிட்டால் அதன் பலத்தைக் கெடுப்பவை.

கேசீன் பாலிலே உப்பு நீரிற் கரைந்திருப்பது போலக் கரைந்திருப்பதன்று. பல ஆயிரம் கேசீன் மூலக்கூறுகள் கல்சியம் பொசுபேற்றுடன் சேர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு நீரிலே மிதக்கின்றன. அவ்வுருண்டைகளுள் பெரியவற்றையும் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறியவை என்றே கூற வேண்டும். இவ்வளவு சிறிய கோடானுகோடி உருண்டைகள், கொழுப்புத் துளிகளோடு சேர்ந்து, ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்வதனாலேயே பால் வெண்மையாகத் தோன்றுகின்றது. பால் தனக்கென ஒரு வெள்ளைச் சாயத்தை உடையதன்று.

இவ்வுருண்டைகள் ஒன்றோடொன்று மோதியும் ஒட்டிக்கொள்ளாமல் மிதப்பது எவ்வாறு? ஒவ்வோர் உருண்டையின் மேற்புறத்திலும் நுண்ணிய மயிர்கள் போன்று நீட்டிக்கொண்டிருக்கும் புரதப் பகுதிகள் உண்டு. அவை மறை மின்னேற்றம் உடையவை. இரண்டு காந்தங்களின் ஒத்த முனைகளை அருகருகே கொண்டுவந்தால் அவை ஒன்றையொன்று தள்ளுவது போல, ஒத்த மின்னேற்றமுடைய உருண்டைகளும் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. இந்த விலக்கல் உள்ளவரையில் பால் பாலாகவே இருக்கும்.

அமிலம் சேரும்போது நிலைமை மாறுகின்றது. அமிலம் தரும் ஐதரசன் அயன்கள் நேர் மின்னேற்றம் உடையவை. அவை உருண்டைகளின் மறையேற்றத்தைச் சிறிது சிறிதாக நடுநிலையாக்குகின்றன. உருண்டைகளைக் கட்டி வைத்திருந்த கல்சியம் பொசுபேற்றும் கரைந்து வெளியேறுகின்றது. அமிலத்தன்மையை அளக்கும் பீஎச் என்னும் அளவுகோலிலே புதிய பாலின் இடம் ஏறக்குறைய 6.6. அது 4.6 ஐ அடையும்போது கேசீனின் நேரேற்றமும் மறையேற்றமும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. தள்ளிநிற்கும் காரணம் நீங்கியதும் உருண்டைகள் ஒன்றோடொன்று கூடித் திரளாகின்றன. பால் திரிதல் என்று வீட்டிலே கூறுவது இதனையே. 6.6 இலிருந்து 4.6 என்பது சிறு வேறுபாடுபோலத் தோன்றலாம். ஆனால் அவ்வளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. ஆகவே இரண்டு படிகள் இறங்கும்போது ஐதரசன் அயன்களின் செறிவு நூறு மடங்காகின்றது.

பாலைத் தானாகத் திரியச் செய்வதும் அமிலமே. காற்றிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் வந்த பற்றீரியாக்கள் பாற்சர்க்கரையை உண்டு இலத்திக்கமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலத்தைப் புளித்த பாலிலிருந்து 1780 இல் முதன்முதற் பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டில் வாழ்ந்த கார்ல் வில்லெம் சீலே. சட்டியில் உறைய வைக்கும் தயிரிலும் இதே மாற்றமே நிகழ்கின்றது. அங்கே மாற்றம் மெல்ல மெல்ல நிகழ்வதால் கேசீன் முழுப் பாலையும் தன்னுள் அடக்கிய மென்மையான வலையாக உறைகின்றது. வினாகிரி விட்டுக் கலக்கும்போது விரைவாக நிகழ்வதால் கட்டி கட்டியாகத் திரள்கின்றது.

தேங்காய்ப்பாலிலும் இவ்வாறு பசை செய்யலாமோ என்ற ஐயம் சில நேயர்களுக்கு எழக்கூடும். செய்ய இயலாது. பால் என்ற பெயரும் வெண்ணிறமும் மாத்திரமே இரண்டுக்கும் பொது. தேங்காய்ப்பாலிலே கொழுப்புத் துளிகளும் வேறு வகைப் புரதங்களும் உள, கேசீன் இல்லை. ஒரே நிறம் ஒரே பொருளைக் காட்டாது என்பதற்கு இஃதொரு நல்ல சான்று.

இனிச் செய்முறையைக் கூறலாம். அளவுகளைக் குறித்துக்கொள்ள விரும்பும் நேயர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்வது நன்று. வேண்டிய பொருள்கள்: கொழுப்பு நீக்கிய பால் 250 மில்லிலீற்றர், அதாவது பெரிய கோப்பை ஒன்று, வினாகிரி இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, சிறிதளவு வெந்நீர், வடிப்பதற்கு மெல்லிய பருத்தித் துணி. கொழுப்பு நீக்கிய பால் கிடையாதாயின், கொழுப்பு நீக்கிய பால்மா 25 கிராமை இளஞ்சூடான நீரிற் கரைத்து அவ்வளவு பாலாக்கிக்கொள்ளலாம். சாதாரணப் பாலையே பயன்படுத்த நேரிட்டால், காய்ச்சி ஆறவைத்து, குளிரூட்டியில் ஓரிரவு வைத்து, மேலே படரும் ஆடையை நீக்கிவிட வேண்டும். எருமைப்பாலில் கேசீன் கூடுதலாக இருப்பினும் கொழுப்பும் மிகக் கூடுதலாகையால் ஆடை நீக்குவதில் இன்னும் கவனம் வேண்டும். வினாகிரிக்குப் பதிலாகத் தேசிக்காய்ச் சாற்றையும் பயன்படுத்தலாம்.

பால் உணவுப் பொருள் என்பதை இவ்விடத்தில் மறத்தல் ஆகாது. 2021, 2022 ஆம் ஆண்டுகளிலே ஒரு பொதி பால்மாவுக்காக மக்கள் கடை வாயிலில் வரிசையில் நின்றதை இந்நாட்டார் மறந்திருக்கமாட்டார்கள். குழந்தைக்கு உரிய பாலை எடுத்து விளையாட்டுக்குச் செலவிடுதல் அறிவுடைமையாகாது. திரிந்துபோன பாலையும், உண்ணும் காலவரை கடந்துவிட்ட பால்மாவையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே புளித்த பாலுக்கு வினாகிரி குறைவாகவே தேவைப்படும். அவ்வாறு கெட்ட பாலைக்கொண்டு செய்யும்போது எந்தக் கட்டத்திலும் அதனைச் சுவைத்துப் பார்த்தல் கூடாது.

முதலில் பாலை இளஞ்சூட்டில் வைத்தல் வேண்டும். ஏறக்குறைய 50 பாகை செல்சியசு போதும். பாத்திரத்தின் மேற்புறத்தைத் தொட்டால் கை பொறுக்கக்கூடிய சூடு என்று கொள்ளலாம். கொதிக்கவிட்டால் திரள் இறப்பர் போல இறுகிவிடும். பின்னர்க் கரைப்பது கடினம். அடுப்பண்டை நிற்கும் வேலை பெரியோருக்குரியது. சிறுவர்கள் அதனை மேற்பார்வையின்றிச் செய்தலாகாது.

அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கிய பின்னர், வினாகிரியைச் சிறிது சிறிதாக விட்டு மெல்லக் கலக்க வேண்டும். முதலிரண்டு தேக்கரண்டிக்கு ஒன்றும் நிகழாததுபோலத் தோன்றும். பின்னர் நுண்ணிய துகள்கள் தோன்றி, அவை பெருகி, வெண்கட்டிகளாகத் திரண்டு, சூழ்ந்துள்ள நீர் இளம் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் தெளிந்து நிற்கும். அந்த நீர் தெளிந்ததும் வினாகிரி விடுவதை நிறுத்திவிட வேண்டும். வினாகிரிகள் யாவும் ஒரே செறிவின அல்ல. ஆகையால் கரண்டிக் கணக்கைக் காட்டிலும் நீரின் தெளிவே நம்பத்தக்க அடையாளம். பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் திரள் ஒருங்கு சேரும்.

அடுத்தது வடித்தல். துணியைக் கிண்ணத்தின்மேல் விரித்து ஊற்றி, நான்கு முனைகளையும் கூட்டிப் பிடித்து மெல்லப் பிழிந்தால் திரள் துணியிலே தங்கும். வடிந்த நீரிலே பாற்சர்க்கரை, உப்புக்கள், எஞ்சிய அமிலம், அமிலத்தால் திரளாத சிறு புரதங்கள் ஆகியன உள்ளன. பிழிந்த திரளை இந்நிலையிலேயே சோடாவுடன் கலந்துவிட ஆவல் எழும். ஆனால் இதுவே கழுவுதற்குரிய கட்டம்.

திரளைத் துணியுடன் சுத்தமான நீரில் இட்டு, கையால் உதிர்த்து, பிழிய வேண்டும். நீரை மாற்றி மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். மூன்று முறை கழுவினால் கழுவிய நீர் தெளிவாக வரும். இதன் பயன்கள் இரண்டு. முதலாவது, திரளில் ஒட்டியிருக்கும் அசற்றிக்கமிலம் நீங்குகின்றது. நீங்காவிடில் அடுத்து இடப்படும் சோடா கேசீனைக் கரைப்பதற்கு முன்னர் இவ்வமிலத்தோடு சேர்ந்து வீணாகிவிடும். இரண்டாவது, பாற்சர்க்கரை நீங்குகின்றது. சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதோடு, பற்றீரியாவுக்கும் பூஞ்சணத்துக்கும் உணவாகிப் பசையை அழுகச் செய்கின்றது. தியோபிலசு உரலில் இட்டுக் கழுவச் சொன்னதன் காரணமும் இதுவே.

கழுவிய திரளை இறுகப் பிழிந்து கிண்ணத்தில் இட்டு, கரண்டியின் பின்புறத்தால் நன்கு மசிக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் சேர்த்துக் கலக்கிய பின்னர், அப்பச்சோடாவை ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையாகத் தூவி, ஒவ்வொரு முறையும் நன்கு கலக்க வேண்டும். உடனே நுரை பொங்கும். கிண்ணத்தை வெந்நீருள் வைத்துக் கலக்கிக்கொண்டிருந்தால் கட்டிகள் மெல்ல மெல்லக் கரைந்து, பாலாடை போன்று வழுவழுப்பான ஒரு குழம்பாகும். அரைத் தேக்கரண்டி சோடா முழுவதும் தேவைப்படாமலும் போகலாம். கட்டிகள் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். மிகத் தடிப்பாயின் சில துளி நீர் சேர்க்கலாம். நுரை அடங்கும் வரை கால் மணி நேரம் வைத்தால் பசை ஆயத்தம். இதிலே உள்ள கேசீனின் உலர்ந்த நிறை 6 கிராம் அல்லது 7 கிராமேயாயினும், பல சோடி மரத்துண்டுகளை ஒட்டுவதற்கு அது போதியதாகும்.

இந்த இறுதிக் கட்டத்தில் நிகழ்ந்தது யாது? அப்பச்சோடாவின் இரசாயனப் பெயர் சோடியமிருகாபனேற்று. அஃது ஒரு மென்காரம். எஞ்சிய அமிலத்தோடு சேரும்போது காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுகின்றது. நுரைக்குக் காரணம் அதுவே. பின்னர்க் கேசீனிலிருந்து ஐதரசன் அயன்களைப் பறித்து, அதனை மீண்டும் மறையேற்றம் உடையதாக்குகின்றது. ஏற்றம் திரும்பியதும் மூலக்கூறுகள் மீண்டும் ஒன்றையொன்று விலக்கத் தொடங்கி நீரிலே பரவுகின்றன. ஆனால் பழைய பால் திரும்பி வருவதில்லை. கல்சியம் பொசுபேற்றுக் கட்டு முன்னரே நீங்கிவிட்டமையால் உருண்டைகள் மீண்டும் உருவாகமாட்டா. நீண்ட மூலக்கூறுகள் தனித்தனியாக விரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் குழம்பாகின்றன. இதற்குச் சோடியம் கேசினேற்று என்று பெயர். பாலும் பசையும் ஒரே புரதத்தின் இரு கோலங்கள்.

இக்குழம்பை மரத்திலோ தாளிலோ பூசும்போது, மூலக்கூறுகள் நீரோடு சேர்ந்து நார்களின் இடைவெளிகளுள் நுழைகின்றன. நீர் மரத்தினுள் உறிஞ்சப்பட்டும் ஆவியாகியும் நீங்குகையில் அம்மூலக்கூறுகள் தம்முள்ளும் மரநார்களோடும் நெருங்கிப் பிணைந்து இறுகுகின்றன. நீர் வெளியேற வழியில்லாத இரண்டு பிளாத்திக்குத் துண்டுகளை இப்பசையால் ஒட்ட இயலாமைக்குக் காரணம் இதனால் விளங்கும்.

செய்த பசையின் தரத்தைச் சோதித்துப் பாராவிட்டால் வேலை பாதியில் நின்றதாகவே கொள்ள வேண்டும். ஐஸ்கிறீம் குச்சிகள் இரண்டை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று இரண்டு சென்ரிமீற்றர் நீளம் படியுமாறு பசையிட்டு, மேலே புத்தகங்களைப் பாரமாக வைத்து ஒரு நாள் உலரவிட வேண்டும். இவ்வாறே கோதுமை மாப்பசையால் ஒரு சோடியையும், கடையில் வாங்கும் வெண்பசையால் ஒரு சோடியையும், கழுவாத திரளிற் செய்த பாற்பசையால் ஒரு சோடியையும் ஒட்டிக்கொள்வது சிறப்பு. உலர்ந்த பின்னர் ஒரு குச்சியின் முனையை உறுதியாகக் கட்டித் தொங்கவிட்டு, மற்றதன் முனையில் ஒரு வெறும் போத்தலைக் கட்டி, அதனுள் அளந்து அளந்து நீர் ஊற்ற வேண்டும். ஓர் இலீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம் ஆகையால் தராசு இல்லாமலே தாங்கிய பாரத்தை அறிந்துகொள்ளலாம். ஒரு போத்தல் போதாவிட்டால் வாளியைத் தொங்கவிடலாம். கால்கள் அதன்கீழ் இருத்தல் கூடாது.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு சோடி மாத்திரம் போதாது. மூன்று சோடிகளாவது சோதித்து, கிடைத்த அளவுகளைக் கொப்பியிலே குறித்துச் சராசரி காண வேண்டும். முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக அமைந்தாலும் அவ்வாறே எழுதிவைத்தல் வேண்டும். பிரிந்த இடத்தையும் உற்று நோக்குவது நன்று. பசைப்படை பிளந்திருந்தால் குறை பசையில். மரநார் கிழிந்து வந்திருந்தால் பசை மரத்தையும் வென்றுவிட்டது என்று பொருள். விஞ்ஞானி ஒருவர் ஆய்வுகூடத்திற் செய்யும் வேலையும் வகையால் இதுவே. கருவிகளில் மாத்திரமே வேறுபாடு.

சோடாவினாற் செய்த பசைக்கு ஒரு குறை உண்டு. உலர்ந்த பின்னரும் நீரில் ஊறினால் அது மீண்டும் இளகிவிடும். இக்குறையை நீக்குவது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு ஆகும். சோடிய அயன் ஒரே ஒரு மின்னேற்றம் உடையது. கல்சிய அயனோ இரண்டு உடையது. ஆகையால் அது ஒரே வேளையில் இரண்டு மூலக்கூறுகளை இரு கைகளாலும் பற்றிக்கொள்வதுபோலப் பிணைத்து, நீரில் எளிதிற் கரையாத கல்சியம் கேசினேற்றை உண்டாக்குகின்றது. இப்பசை கலக்கிய சில மணி நேரத்துள் கிண்ணத்திலேயே இறுகிவிடும். எனவே உடனுக்குடன் பூசிவிட வேண்டும். சுண்ணாம்பு கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையும். ஆகையால் இப்பகுதியைப் பெரியோரே கண்ணுக்குக் காப்பணிந்து செய்தல் வேண்டும். சிறுவர்களுக்குச் சோடாவே போதுமானது.

இவ்வாறு சுண்ணாம்பு கலந்த கேசீன் பசையே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆகாயத்துக்கு உயர்ந்தது. அக்காலத்து விமானங்கள் மரத்தாலானவை. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம் மரத்தைப் பலமாகப் பிணைக்குமாயினும் மழையீரத்தில் இளகிவிடும். முதலாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் விசுக்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வுகூடம், விமானங்களுக்கான ஒட்டுப்பலகைகளைச் செய்வதற்குக் கேசீன் பசைகளை விரிவாக ஆராய்ந்தது. கேசீன், சுண்ணாம்பு, சோடியம் சிலிக்கேற்று, சிறிதளவு செப்புக் குளோரைட்டு ஆகியவை சேர்ந்த கலவை நீரைத் தாங்குவதில் மேம்பட்டதாக விளங்கியது.

இரண்டாம் உலகப் போரிலே புகழ்பெற்ற மொசுக்கிற்றோ விமானமும் மரத்தாலானதே. நுளம்பு என்று பொருள்படும் பெயரையுடைய அது 1940 நவம்பர் 25 இல் இங்கிலாந்தில் முதன்முறையாகப் பறந்தது. மெல்லிய பேர்ச்சு மரத் தகடுகளுக்கு இடையே இலேசான பல்சா மரத்தை வைத்து ஒட்டிய பலகையே அதன் உடல். உற்பத்தி முடிவடையும் வரையில் 7,781 விமானங்கள் கட்டப்பட்டன. தொடக்கத்திற் கட்டப்பட்டவற்றைப் பிணைத்தது கேசீன் பசை. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளிலே பூஞ்சணமும் நீரும் அப்பசையைத் தாக்கும் என்பதனால், பின்னர் யூரியா-போமல்டிகைட்டு என்னும் செயற்கைப் பசை அதனிடத்தைப் பெற்றது.

1944 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கீழைத்தேசப் போர்முனையில் இவ்வகை விமானங்கள் சில, பறக்கையிலே சிறகு முறிந்து வீழ்ந்தன. விமானிகள் உயிரிழந்தனர். பருவமழையின் ஈரத்தில் பசை கெட்டுவிட்டது என்ற ஐயமே முதலில் எழுந்தது. தொடர்ந்து நடைபெற்ற விசாரணைகள் வேறொன்றைக் காட்டின. மழையையோ ஈரத்தையோ காணாத விமானங்களிலும் அதே குறைகள் இருந்தன. கட்டும்போது பொருத்துகளிற் பசையிட்ட வேலை சீராக இல்லாமையே பெருங்குறையாகக் காணப்பட்டது. பசை பலமுடையதாயினும், அது சேர வேண்டிய இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று தொடாவிடின் அப்பலத்தால் ஆவது ஒன்றுமில்லை. ஐஸ்கிறீம் குச்சிகளின்மேல் புத்தகம் வைத்து அழுத்துவதை வீண் வேலை என்று எண்ணும் சிறுவனுக்குக் கூறத்தக்க செய்தி இது.

இன்று மரவேலைக்கும் பாடசாலைக்கும் பெரும்பாலும் பயன்படும் வெண்பசை பாலிலிருந்து வந்ததன்று. ஜேர்மனியில் 1912 இல் பிரிட்சு கிளாற்றே கண்டறிந்த பொலிவைனைல் அசற்றேற்று என்னும் செயற்கைப் பொருளே அதன் அடிப்படை. பால் வியாபாரத்தில் தொடங்கிக் கேசீன் பசையிலும் ஈடுபட்ட ஓர் அமெரிக்க நிறுவனம் இவ்வெண்பசையை 1940 களின் பிற்பகுதியில் விற்கத் தொடங்கி, அதன் போத்தலில் ஓர் எருதின் முகத்தை அடையாளமாக இட்டது. பசையினுள் பால் இல்லையாயினும், பாலின் நினைவு அம்முத்திரையிலே எஞ்சியது. கேசீன் பசை முற்றாக மறைந்துவிடவுமில்லை. குளிர்ந்த போத்தல்களின்மேல் பெயர்த்தாள் ஒட்டுவதற்கு அது விரும்பப்படுகின்றது. பனிநீரில் இருந்தாலும் தாள் கழன்றுவிடாது. வெறும் போத்தலைக் காரநீரிற் கழுவும்போதோ எளிதிற் கழன்றுவிடும். காரம் கேசீனைக் கரைக்கும் என்ற அதே விதியே இங்கும் பயன்படுகின்றது.

வீட்டிற் செய்யும் பசைக்குப் பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்கப்படாமையால், அது புரதவுணவைப் போலவே கெட்டுப்போகும். குளிரூட்டியில் மூடிவைத்தால் ஓரிரு நாள்கள் இருக்கும். நாற்றம் தோன்றியதும் எறிந்துவிட வேண்டும். உணவுப் பொருளன்று என்று அதன்மேல் எழுதி ஒட்டிவைத்தல் நன்று. பட்டத்துக்குத் தாள் ஒட்டுவதற்கும், தாள் உறைகள் செய்வதற்கும், மென்மரத்திற் சிறு விளையாட்டுப் பொருள்கள் இணைப்பதற்கும் இஃது ஏற்றது. கதிரையின் முறிந்த காலை ஒட்டுவதற்கு இதனை நம்புதல் கூடாது.

ஆய்வுகூட வசதி குறைந்த பாடசாலைகளிலே இரசாயனவியல் என்பது கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கப்படும் சமன்பாடுகளாகவே பல மாணவர்க்கு அமைந்துவிடுகின்றது. வீழ்படிவு, நடுநிலையாக்கல், கழுவுதல் என்னும் சொற்களை அவர்கள் பரீட்சையிற் பிழையின்றி எழுதுவர்; அவற்றை ஒரு நாளேனும் கையாற் செய்து அறிந்திருக்கமாட்டார்கள். ஒரு கோப்பை பாலும் இரண்டு கரண்டி வினாகிரியும் ஒரு சிட்டிகை சோடாவும் அக்குறையின் ஒரு சிறு பகுதியையாவது நீக்க வல்லவை. பால் தெளிநீராகும் கணத்தைக் கண்ணாற் கண்ட மாணவன் வீழ்படிவு என்ற சொல்லை மறக்கமாட்டான். கழுவிய திரளிலும் கழுவாத திரளிலும் தனித்தனியே பசை செய்து, இரண்டும் தாங்கிய பாரத்தைத் தன் கையாலேயே அளந்து எழுதிய மாணவி, தூய்மையாக்கல் எதற்கென்று எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.